புதுப் பேட்டரி போட்டும் காரில் கரண்ட் இல்லையா? பேட்டரி முனையிலிருந்து தேடிப் போகும் வழி

பழைய பேட்டரியைக் கழற்றி, புதியதை வைத்து, இரண்டு கிளாம்பையும் முடுக்கியாயிற்று. சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஹார்ன் இல்லை, ரூம் லைட் இல்லை, சென்ட்ரல் லாக்கும் அசையவில்லை. காலையில் பழைய பேட்டரியில் மங்கலாகவாவது விளக்கு எரிந்த வண்டி, புதியது போட்டதும் முழுசாகச் செத்துக் கிடக்கிறது. பலர் இந்த இடத்தில் நேராகக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிறார்கள். சிலர், கம்ப்யூட்டர் போயிருக்கும் என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வதைக் கேட்டுப் பயந்துபோய் வண்டியைக் கட்டி இழுக்க ஆள் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் அவசரம் வேண்டாம். பேட்டரி மாற்றும்போது கை பட்ட இடங்கள் நாலைந்துதான். கோளாறும் பெரும்பாலும் அந்த நாலைந்து இடங்களுக்குள்ளேயே இருக்கும். பேட்டரியின் ஈய முனையில் தொடங்கி, கரண்ட் போகும் வழியிலேயே நாமும் போனால், அது எங்கே நின்றுவிட்டது என்பது தெரிந்துவிடும்.

குமரி மாவட்டத்தில் இந்தத் தொல்லை சற்று அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம், மணக்குடி என்று கடலோரம் முழுக்க உப்புக்காற்று. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு என இரண்டு மழையும் இங்கே உண்டு. செம்பு வயரும் இரும்பு போல்ட்டும் காயவே நேரம் இருக்காது. குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வீடு என்றால் எலி, அணில் தொல்லை. இது போக, வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் பல மாதம் போர்ட்டிகோவில் நிறுத்திவிட்டுப் போகும் கார்கள். லீவுக்கு வந்து இறங்கியதும் பேட்டரி மாற்றுவதுதான் முதல் வேலை.

கை வைக்கும் முன்

மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே தங்க மோதிரம் மாட்டினால் நொடியில் பழுத்து விரலைச் சுட்டுவிடும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

சாவியை வண்டிக்குள் விட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். திடீரென்று கரண்ட் வரும்போது சில வண்டிகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். கரண்ட் இல்லாமல் ஏற்கெனவே பூட்டிக் கிடந்தால், ரிமோட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்து டிரைவர் கதவைத் திறக்கலாம். பானட் பெரும்பாலான வண்டிகளில் கேபிளில்தான் திறக்கும், அதற்குக் கரண்ட் வேண்டாம்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். நெகட்டிவ் இணைந்திருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய பொறி பறக்கும், மெயின் ஃபியூஸும் போகலாம். ஹைபிரிட், எலெக்ட்ரிக் வண்டி என்றால் ஆரஞ்சு நிற வயர் பக்கமே போகாதீர்கள். அதில் ஓடுவது உயிரை எடுக்கும் வோல்ட்டேஜ். இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் பேட்டரியைப் பற்றி மட்டும்.

வேண்டிய சாமான்கள் கொஞ்சம்தான்: 10-ஆம் நம்பர் ஸ்பேனர் (சில வண்டிக்கு 12 அல்லது 13), ஒரு மல்டிமீட்டர், உப்புத்தாள், பழைய டூத் பிரஷ். இவற்றோடு, இரண்டு நீள வயர் பற்றவைத்த பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்று இருந்தால் ரொம்ப நல்லது. அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

எப்படிச் செத்திருக்கிறது என்று பாருங்கள்

ஒன்றுமே எரியவில்லை என்பது ஒரு வகை. கதவைத் திறந்தால் ரூம் லைட் எரிகிறது, சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே எல்லாம் அணைந்துவிடுகிறது என்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் கிளாம்போ எர்த்தோ (நெகட்டிவிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் வயர்) லூஸ் என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம். ரூம் லைட்டுக்கு அரை ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். தொட்டும் தொடாமலும் இருக்கும் இணைப்பு முதலாவதைத் தாங்கும், அடுத்ததைத் தாங்காது.

மீட்டர் போர்டு பளிச்சென்று எரிந்து, ஹார்னும் நன்றாக அடித்து, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை என்றால் கதை வேறு. கிளட்சை முழுசாக மிதித்தீர்களா, ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் 'பி'யில் இருக்கிறதா, சாவிப் படம் போட்ட இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். கடிகாரமும் ரேடியோவும் ரூம் லைட்டும் மட்டும் இல்லை, வண்டி ஓடுகிறது என்றால் உள்ளே இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத் திறக்க வேண்டும். ஹூண்டாய், கியா வண்டிகள் சிலவற்றில் அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன ஃபியூஸ் சுவிட்ச் இருக்கும். அது ஆஃபில் இருந்தாலே இந்த நிலைதான்.

முனையும் கிளாம்பும்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். முதலில் கண்ணால் பாருங்கள். பிளஸ் குறி போட்ட முனையில் சிவப்பு வயர்தான் இருக்கிறதா? ஒரே அளவுப் பேட்டரியே பிளஸ் இடப்பக்கம், வலப்பக்கம் என இரண்டு மாதிரியாக வரும். லேபிளில் எண்ணுக்குக் கடைசியில் 'எல்', 'ஆர்' என்று போட்டிருப்பது அதற்குத்தான். மாறி வாங்கி வந்தால் வயர் எட்டாது. எட்டாத வயரை இழுத்து மாட்டப் பார்ப்பவரும், பழைய பழக்கத்தில் இடமும் வலமும் மட்டும் பார்த்துத் தலைகீழாக மாட்டுபவரும் உண்டு. பழைய பேட்டரியைக் கடையில் கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் இந்தக் குழப்பமே வராது.

அடுத்து, புதுப் பேட்டரியின் முனையில் போட்டு வரும் பிளாஸ்டிக் மூடியை எடுத்தீர்களா? சிவப்பு மூடி பளிச்சென்று தெரியும், கறுப்பு மூடி கண்ணுக்குத் தப்பிவிடும்.

இனி கையால். எஞ்சின் ஆஃபில் இருக்கட்டும். கிளாம்பைப் பிடித்து இடவலமாகத் திருப்புங்கள். ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது.

கருங்கல் பக்கம் ஒரு வீட்டில் நடந்தது. வளைகுடாவிலிருந்து வந்தவர் பேட்டரி மாற்றிவிட்டு, வண்டியில் ஒன்றுமே எரியவில்லை என்று உட்கார்ந்திருந்தார். எலெக்ட்ரீசியன் தம்பி வந்து பானட்டைத் திறந்தார்.

"புதுப் பேட்டரியாக்கும் தம்பி. நட்டையும் நல்லா டைட்டு வச்சிருக்கேன். பின்ன என்னத்துக்கு இப்பிடிக் கெடக்கு?"

"நட்டு டைட்டுதான் அண்ணே. இதப் பாருங்க" என்று இரண்டு விரலால் நெகட்டிவ் கிளாம்பைப் பிடித்துச் சுற்றினார். அது பாட்டுக்குச் சுற்றியது.

கிளாம்பின் இரண்டு காதும் ஒன்றோடொன்று முட்டும் அளவுக்கு நட்டு ஏறியிருந்தது. ஆனால் உள்ளே முனை மெலிசு. ஜப்பானிய அளவுப் பேட்டரிகளில் தடித்த முனை, மெலிந்த முனை என்று இரண்டு உண்டு. லேபிள் எண்ணின் கடைசியில் 'எஸ்' இருந்தால் தடித்தது. தடித்த முனைக்குச் செய்த கிளாம்பை மெலிந்த முனையில் மாட்டினால் எவ்வளவு முடுக்கினாலும் பிடிக்காது. பேட்டரிக் கடையில் இதற்கென்றே ஈயத்தில் வளையம் விற்கிறார்கள். முனையில் அதைப் போட்டு மேலே கிளாம்பை மாட்டினால் சரியாகிவிடும். பீர் கேன் தகடு, ஆணி, செம்புக் கம்பி என்று எதையாவது சொருகுவது பத்து நாளைக்குத்தான் தாங்கும். நம் ஊர் உப்புக்காற்றில் அதுகூடத் தாங்காது. ஒரே பேட்டரியிலும் பாசிட்டிவ் முனை நெகட்டிவ் முனையைவிடச் சற்றுத் தடிமன் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிளாம்பு முனையின் அடிவரை இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இறங்கவில்லை என்றால் காதை ஸ்குரூடிரைவரால் லேசாக விரித்து இறக்குங்கள். சுத்தியலால் தட்டாதீர்கள். முனை பேட்டரிக்குள் தகடுகளோடு சேர்ந்திருக்கும் இடத்தில் விரிசல் விழும்.

கிளாம்பின் உள்பக்கம் கறுத்தோ, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்தோ இருந்தால் அந்தப் பூப்பும் கரண்ட்டைத் தடுக்கும். சுடுதண்ணீரில் ஆப்பச்சோடா கரைத்து, டூத் பிரஷால் தேயுங்கள். நுரைத்து அடங்கியதும் நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும் வரை உரசுங்கள். இதைச் செய்யும்போது கிளாம்பு பேட்டரியில் இருக்கக் கூடாது, சோடாத் தண்ணீர் பேட்டரி மூடிக்குள் போகவும் கூடாது. முடுக்கி முடித்த பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். முதலிலேயே தடவிவிட்டு மாட்ட வேண்டாம்.

மீட்டர் சொல்வதை எப்படிப் படிப்பது

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். சிவப்பு வயர் வோல்ட் துளையில் இருக்கட்டும். 10 ஆம்பியர் துளையில் போட்டுப் பேட்டரியைத் தொட்டால் அது நேரடி ஷார்ட்.

முதலில் இரண்டு ஈய முனைகளிலும் வையுங்கள். 12.6 பக்கம் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கடையில் ரொம்ப நாள் கிடந்த பேட்டரி, சார்ஜ் ஏற்ற வேண்டும். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் மீட்டர் வயரை மாற்றி வைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை என்றால் பிளஸ் எது மைனஸ் எது என்று பேட்டரியை இன்னொரு முறை பாருங்கள்.

இப்போது ஹெட்லைட் சுவிட்சைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு வயரைப் பாசிட்டிவ் முனையின் தலையிலும் இன்னொன்றை அதே முனையில் மாட்டிய கிளாம்பிலும் வையுங்கள். இரண்டும் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, ஆகவே மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். 0.1 வோல்ட்டுக்கு மேல் போனாலே அந்த இணைப்பைச் சந்தேகப்படலாம். 12 என்று காட்டினால் கரண்ட் அந்த இடத்திலேயே நிற்கிறது. நெகட்டிவ் பக்கமும் இதே சோதனை.

ஹெட்லைட் சுவிட்சைப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு. வயர் முழுக்க அரித்து ஒரே ஒரு செம்பு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12.6 என்றே காட்டும். குழாயை மூடி வைத்தால் அடைத்த பைப்பிலும் அழுத்தம் முழுசாக இருப்பது போல. சுமை வைத்தால்தான் குட்டு வெளிப்படும். பழைய ஹெட்லைட் பல்ப் வேண்டும் என்று சொன்னதும் இதற்குத்தான். 55 வாட் பல்ப் நாலரை ஆம்பியர் வரை இழுக்கும். அதன் ஒரு வயரை நெகட்டிவ் முனையில் வைத்து, மற்றதை நீங்கள் சந்தேகப்படும் இடத்தில் தொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் அதுவரை வழி திறந்திருக்கிறது. மங்கலாக எரிந்தால் நடுவில் எங்கோ அரிப்பு. கண்ணாடி சீக்கிரம் சுடும், பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள்.

விட்டுப்போன சின்ன வயர், உடைந்த மெயின் ஃபியூஸ்

பாசிட்டிவ் கிளாம்பில் தடித்த வயர் ஒன்று மட்டும் வருவதில்லை. செல்ஃபுக்குப் போவது ஒன்று, ஃபியூஸ் பெட்டிக்குப் போவது இன்னொன்று, சில வண்டிகளில் பிறகு மாட்டிய ஹார்ன், அலாரம் வயர்களும் அதே போல்ட்டில்தான். கழற்றும்போது வளையம் போட்ட ஒரு வயர் நழுவிப் பேட்டரிக்குப் பின்னால் விழுந்துவிட்டால், செல்ஃப் வயர் நன்றாக இருந்தும் வண்டி முழுக்க இருட்டுதான். கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நெகட்டிவ் கிளாம்பில் சின்ன சென்சாரும் பிளக்கும் உள்ள வண்டி என்றால், அந்த பிளக் அழுந்த உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இப்போதைய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் கிளாம்பின் தலையிலேயே ஒரு பிளாஸ்டிக் பெட்டி உட்கார்ந்திருக்கும். மூடியைத் திறந்தால் போல்ட் போட்டு இறுக்கிய தகடு ஃபியூஸ்கள் தெரியும். 80, 100, 120 ஆம்பியர் என்று எண் இருக்கும். வண்டிக்குள் போகும் கரண்ட் முழுவதும் இவற்றின் வழியாகத்தான் போக வேண்டும். கிளாம்பை முறுக்கி இழுத்தால் இந்தப் பெட்டியில் விரிசல் விழும், உள்ளே தகடும் அறுந்துபோகும். கண்ணாடி வழியே அறுந்தது தெரியலாம், மயிரிழை விரிசல் என்றால் தெரியாது. ஆகவே பல்பை வைத்து ஃபியூஸின் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். உள்ளே வரும் பக்கம் எரிந்து, போகும் பக்கம் எரியவில்லை என்றால் ஆள் பிடிபட்டுவிட்டது. நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அதே ஆம்பியரில் அதே மாதிரி ஃபியூஸ் வாங்கிப் போடுங்கள். அதற்குப் பதில் செம்புக் கம்பி கட்டி ஓட்டுவது வண்டியைக் கொளுத்தும் வேலை. வண்டிக்குள் குழந்தைகளும் உட்காருவார்கள்.

பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருந்து, அதனால் மெயின் ஃபியூஸ் போயிருந்தால், புது ஃபியூஸ் போட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தலைகீழ்க் கரண்ட் முதலில் கை வைப்பது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோவின் (ஆல்டர்னேட்டர்) டயோடுகளில். அவை ஷார்ட் ஆகியிருந்தால் புது ஃபியூஸும் உடனே போகும். டயோடுகளை எலெக்ட்ரீசியனிடம் சோதித்த பிறகே ஃபியூஸ் போடுங்கள். என்ன நடந்தது என்று அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், தேடும் நேரம் பாதியாகும்.

எர்த்

கடலோரத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். நெகட்டிவ் கிளாம்பிலிருந்து ஒரு வயர் பாடிக்கும் இன்னொன்று எஞ்சினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகும். பாடியில் முடுக்கிய போல்ட்டுக்கு அடியில் துரு ஏறிவிட்டால் கரண்ட் திரும்பி வர வழியில்லை. மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் ஒழுகி இந்தத் துரு இன்னும் சீக்கிரம் வரும். டிங்கரிங் வேலை முடிந்து வந்த வண்டி என்றால் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் படிந்திருக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி: ஜம்ப் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈய முனையிலும் மறுமுனையை முதலில் பெயின்ட் இல்லாத பாடி இரும்பிலும், பிறகு எஞ்சின் இரும்பிலும் கவ்வுங்கள். செத்துக் கிடந்த வண்டி உயிர் பெற்றால் எர்த்தில்தான் கோளாறு. போல்ட்டைக் கழற்றி, வயர் வளையத்தையும் பாடியையும் இரும்பு பளிச்சிடும்வரை உரசி, முடுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். வயரை வளைத்துப் பார்க்கும்போது ரப்பருக்குள் நொறுங்கும் சத்தம் கேட்டால், உள்ளே செம்பு பச்சைத் தூளாகிவிட்டது. மொத்த வயரையும் மாற்றுவதே சரி. ரப்பர் தோட்டப் பக்கத்து வண்டி என்றால் பேட்டரித் தட்டுக்குக் கீழேயும் ஃபியூஸ் பெட்டிக்கு அடியிலும் எலி கடித்த வயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் உறை போட்ட வயர் ஏர்பேக்குக்கு உரியது, அதை மட்டும் குத்திப் பார்க்காதீர்கள்.

எல்லாம் சரி, பேட்டரிதான் கெட்டதா?

புதுப் பேட்டரியும் கெட்டுப்போய் வருவதுண்டு, ஆனால் அபூர்வம். ஹெட்லைட் பல்பின் இரண்டு வயரையும் நேராக ஈய முனைகளில் வையுங்கள். மீட்டர் 12.6 காட்டிய பேட்டரி, பல்ப் வைத்ததும் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு இறங்கினால் உள்ளே இணைப்பு அறுந்திருக்கிறது. இதைப் போனில் வீடியோ எடுத்து, தேதி முத்திரை போட்ட வாரன்டி அட்டையோடு கடைக்குக் கொண்டு போங்கள். பேச்சு வளராது, மாற்றித் தருவார்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்பார்கள். கரண்டே இல்லாத வண்டியில் பெட்ரோல் பம்ப் ஓடாது, ஸ்பார்க் வராது, எலெக்ட்ரிக் ஸ்டியரிங் கல்லாக இருக்கும். தள்ளுபவர்களுக்கு மூச்சு வாங்குவதுதான் மிச்சம். எப்படியோ ஓடிவிட்ட எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றி டைனமோவைச் சோதிப்பதும் கூடாது. அந்த நொடியில் வோல்ட்டேஜ் எகிறி, இருக்கிற கம்ப்யூட்டரும் போய்விடும்.

கரண்ட் வந்த பிறகு

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் அந்தக் கணத்தில் 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. கதவுக் கண்ணாடி ஒரே தொடலில் ஏறவில்லை என்றால், முழுசாக ஏற்றி சுவிட்சைச் சில நொடி பிடித்தே வைத்திருங்கள், பல வண்டிகளில் அது சரியாகிவிடும். ஸ்டியரிங் விளக்கு எரிந்தால் எஞ்சின் ஓடும்போது இடமும் வலமும் முழுசாக ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.

மறுநாள் காலையில் மீட்டர் 12.4-க்குக் கீழே காட்டினால், வண்டி நிற்கும்போதே எதுவோ கரண்ட்டைக் குடிக்கிறது. பூட்டி அரை மணி நேரமாவது விட்ட பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை என்பது பொதுக் கணக்கு. ஆனால் அந்த 50 மில்லி ஆம்பியரே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி ஆகிறது. சின்னக் காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரியை ஒரு மாதத்தில் காலி செய்ய அது போதும். எந்தக் கோளாறும் இல்லாமலே, வளைகுடாக்காரர் வீட்டுப் பேட்டரிகள் சாவது இப்படித்தான். திரும்பிப் போகும் முன் பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்து, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, அது முனையில் படாதபடி துணி சுற்றி வையுங்கள். கதவை இரும்புச் சாவியால் பூட்டி, அந்தச் சாவியை வீட்டில் இருப்பவரிடம் கொடுத்து, மாதம் ஒரு முறை கிளாம்பை மாட்டி அரை மணி நேரம் வண்டியை வெளியே ஓட்டிவரச் சொல்லுங்கள்.